சுமையில்லாத நடை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மலை ஏறுதல் பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. முதுகில் வண்ணப் பை, காலில் விலையுயர்ந்த காலணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, இவை இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாதோ என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் தோழியரே, சற்று எண்ணிப் பாருங்கள்! பள்ளியில் நாம் ஒப்பித்த ஐவகை நிலங்களில் முதலாவது குறிஞ்சி அல்லவா? திண்டுக்கல்லிலிருந்து மேற்கே பார்த்தால் கொடைக்கானல் மலை. தெற்கும் கிழக்கும் திரும்பினால் சிறுமலை. நத்தம் போகிற வழியில் கரந்தமலை. என் ஊராகிய அய்யலூருக்கு வந்தால் வீட்டு வாசலிலிருந்தே மலை தெரியும். மலையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த நமக்கு, அதன் மேல் இரண்டு நாள் நடந்துவிட்டு வர ஏன் இவ்வளவு தயக்கம்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நாங்கள் ஒரே வகுப்புத் தோழியர் நால்வர். கையிலிருந்தது ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்.

ஆல்ப்ஸ் கற்றுத்தந்த சிக்கனம்

ஆசையை மூட்டியது நம் கல்லூரி நூலகத்தில் கிடைத்த ஒரு பயண நூல். ஆல்ப்ஸ் மலைத்தொடர் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் நீளம் உடையது. பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா என்று எட்டு நாடுகளைத் தொட்டுச் செல்வது. அதன் உச்சியாகிய மான்ட் பிளாங்கில் 1786ஆம் ஆண்டே மனிதன் ஏறிவிட்டான். இந்தச் செய்திகளெல்லாம் தேர்வுக்கு உதவலாம். என்னைக் கவர்ந்தவை வேறு.

அந்த மலைகளில் சங்கங்கள் கட்டிவைத்த குடில்கள் இருக்கின்றன. சுவிஸ் ஆல்பைன் சங்கம் தொடங்கப்பட்டது 1863இல். அதன் குடில்கள் மட்டும் நூற்றைம்பது அளவில் உள்ளன. அங்கே பெரும்பாலும் தனியறை கிடையாது. ஒரே கூடத்தில் வரிசையாகப் படுத்துறங்க வேண்டும். கலியாண வீட்டில் நாம் ஜமுக்காளம் விரித்துப் படுப்பதுபோலத்தான்! செலவைக் குறைக்க அவர்கள் கண்ட வழி, நம் வீடுகளில் என்றும் உள்ள வழிதான்.

இன்னொன்று. சுவிட்சர்லாந்தில் நடைபாதைகளுக்கென்றே மஞ்சள் வண்ண வழிகாட்டிப் பலகைகள் உண்டு. அவற்றில் இத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவதில்லை. இத்தனை மணி நேரம் என்றே எழுதுகிறார்கள். இதைப் படித்ததும் எனக்கு அம்மாயி நினைவு வந்தது. எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் அம்மாயி மைல் கணக்கில் சொன்னதே இல்லை. "வெயிலுக்கு முன்ன கெளம்புனா கஞ்சி வேளைக்குப் போயிரலாம்" என்பாள். ஏற்றம் இறக்கம் உள்ள நிலத்தில் தூரத்தைவிட நேரமே உண்மையான அளவு என்பதை அந்த நாட்டுக்காரர்களும் கண்டிருக்கிறார்கள், அய்யலூர் அம்மாயியும் கண்டிருக்கிறாள்.

மூன்றாவது செய்தி நம் பேராசிரியர்களுக்கு. ஜெர்மனியில் ரிச்சர்டு சிர்மன் என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடப்பது அவர் வழக்கம். 1909ஆம் ஆண்டு ஆகஸ்டில் அப்படி ஒரு நடையின்போது கடும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி எல்லாரும் இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகள் ஏழை மாணவர்கள் தங்கும் இடங்களாக ஏன் ஆகக் கூடாது என்று அந்த இரவில் அவருக்குத் தோன்றியது. 1912இல் அல்டெனா என்ற ஊரின் பழங்கோட்டையில் முதல் இளைஞர் விடுதி பிறந்தது. இன்று உலகெங்கும் உள்ள இளைஞர் விடுதிகளுக்கு மூலம் ஓர் ஆசிரியரும், நனைந்துபோன சில மாணவர்களும்தான்.

எந்த மலை?

ஆல்ப்சுக்கு நாங்கள் போக முடியாது. அங்கே போய்வர ஆகும் விமானக் கட்டணத்தில் எங்கள் நால்வரின் மூன்றாண்டுப் படிப்பும் முடிந்துவிடும். ஆனால் சிக்கனம் எந்த மலைக்கும் பொருந்துமே! 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி அரசுப் பள்ளியில் படித்த எங்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு மாதம் இருநூற்றைம்பது ஒதுக்கி ஆளுக்கு ஐந்நூறு சேர்த்தோம். ஆக, மொத்தம் 2,000 ரூபாய்.

முதலில் எண்ணியது வெள்ளகவி. பெரியகுளத்துக்கு அருகிலுள்ள கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பாதை, மலைச்சாலை பிறப்பதற்கு முந்தையது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மலைச்சாலையில் வண்டி ஓடத் தொடங்கியதோ 1914இல். இடைப்பட்ட எழுபது ஆண்டுக்காலம் துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் எப்படி மேலே போனார்கள்? குதிரையில் போனார்கள், அல்லது நாற்காலியில் உட்கார்ந்து போனார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் நம்மவர்கள். அந்தப் பாதைக்கே கூலிப்பாதை என்றுதான் பெயர். அங்கே முதன்முதலாக மலை ஏறிய பெருமை யாருக்கு என்று வரலாறு எழுதும்போது, தூக்கியவர்களின் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

அந்தப் பாதையில் நடப்பது எவ்வளவு கடினம் என்று கணக்கிட்டோம். நெயிஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் ஒரு விதி சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அத்துடன் ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அடிவாரம் ஏறக்குறைய 300 மீட்டர், கொடைக்கானல் 2,133 மீட்டர் என்றால் ஏற்றம் மட்டுமே ஆறாயிரம் அடி. ஏறுவதற்கென்றே மூன்று மணி நேரம் கூடுதலாக வேண்டும். அதுவும் பழகிய கால்களுக்கு. எங்கள் கால்கள் இயற்பியல் ஆய்வகத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே மட்டும் பழகியவை.

காட்டுக்குள் நினைத்தபோது நுழையவும் முடியாது. அதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. எந்தப் பாதை, எத்தனை பேர், யார் வழிகாட்டி என்றெல்லாம் முறை வந்தது. தீப்பிடிக்கும் காலத்தில் மலையேற்றம் நிறுத்தப்பட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளை அறிவித்து, மலையோர இளைஞர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியது. வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி செல்லும் பாதையும் அவற்றில் ஒன்று. நல்ல ஏற்பாடு. அன்று நாற்காலி தூக்கிய மண்ணில் இன்று அவ்வூர்ப் பிள்ளை முன்னே நடந்து வழிகாட்டுகிறான், கூலியும் பெறுகிறான். ஆனால் கட்டணத்தைப் பார்த்தபோது அது எங்கள் ஐந்நூறுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. வெள்ளகவியை வேலை கிடைக்கும் நாளுக்கு ஒத்திவைத்தோம்.

அப்படியானால் எங்கள் அய்யலூர் மலையே இருக்கிறதே என்று தோழியர் கேட்டார்கள். அங்கே எங்களைவிட உரிமை உடையது தேவாங்கு. அய்யலூர், கடவூர்ப் பக்கத்துக் காடுகளைச் சேர்த்து 11,806 எக்டேர் பரப்பை 2022 அக்டோபரில் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதல் சரணாலயம் அதுதான். பகலெல்லாம் உறங்கி இரவில் பூச்சி பிடிக்கும் அந்தச் சிறு பிராணியை நாங்கள் நால்வர் போய் எழுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

எஞ்சியது சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து அரசுப் பேருந்து உண்டு. மேலே ஊர்கள் இருக்கின்றன; ஊருக்கு ஊர் சாலை இருக்கிறது. காட்டுக்குள் புகாமல் சாலையிலேயே இரண்டு நாள் நடக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களில் ஒருத்தியின் பெரியம்மா வீடு பழையூரில் இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்காரர்களுக்குச் சங்கத்தின் குடில், எங்களுக்குப் பெரியம்மா.

வீட்டில் உத்தரவு

இனிதான் செங்குத்தான ஏற்றம். என் அப்பா அய்யலூர்த் தக்காளிச் சந்தையில் சுமை தூக்குபவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். செய்தியைச் சொன்னதும் அப்பா கேட்டார்:

"மலையில என்னம்மா வேல?"

"வேலை ஒண்ணும் இல்லப்பா. நடக்கத்தான்."

"நடக்குறதுக்கு அங்க எதுக்குப் போகணும்? இங்கிருந்து வடமதுரைக்கு நடந்தா ஆகாதா?"

அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. வேலை இல்லாமல் நடப்பது என்பது அவர் வாழ்வில் இல்லாத ஒன்று. நடை என்றால் தலையிலோ தோளிலோ ஏதாவது இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் யாராவது காசு கொடுக்க வேண்டும். அம்மாவோ குரங்கணியைச் சொல்லி அழுதாள். அன்று தொலைக்காட்சியில் பார்த்தது அவள் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. வயதுப் பெண்கள் இரவில் வெளியே தங்குவதா என்ற பேச்சும் வந்தது. நான் பதில் சொல்லுமுன் திண்ணையிலிருந்து அம்மாயி குரல் கேட்டது.

"பத்து வயசுல நான் இந்த மலைக்கு வெறகுக்குப் போனேன். பூச்சி பொட்டு கடிக்கும், போகாதடின்னு அன்னைக்கு ஒருத்தரும் சொல்லல. வெறகு வேணும்ல! நாப்பது வருசம் ஏறி எறங்குனேன். ஒரு நாளாச்சும் தலையில கட்டு இல்லாம, கைய வீசிக்கிட்டு எறங்கி வரணும்னு இருந்துச்சு. நடக்கல. இவளாச்சும் எறங்கி வரட்டும், விடுங்க."

வீட்டில் சிறிது நேரம் பேச்சே இல்லை. அம்மாயி விறகு சுமந்த கதை எனக்குத் தெரியும். அந்த ஆசை இருந்தது அன்றுதான் தெரிந்தது. பெண்கள் மலையேறுவது புதுமை என்று நாம் பேசுகிறோம். நம் பாட்டிமார் ஏறாத மலையா! சுமையோடு போனபோது ஊர் தடுக்கவில்லை. சுமையில்லாமல் போகிறேன் என்றபோதுதான் ஆயிரம் கேள்வி பிறக்கிறது. இதை நம் தோழியர் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும்.

அப்பா இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பெரியம்மாவின் தொலைபேசி எண் அவரிடம் இருக்க வேண்டும். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். இரண்டும் நியாயமானவை. ஆல்ப்சிலும் குடிலை விட்டுக் கிளம்புமுன் அங்குள்ள பதிவேட்டில் போகும் வழியை எழுதிவைக்கும்படிதானே சொல்கிறார்கள்!

வரவும் செலவும்

பின்னால் போக விரும்புகிறவர்களுக்கு உதவும் என்பதால் கணக்கைத் தருகிறேன். பேருந்துக்கு 400 ரூபாய். பெரியம்மா வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் ஆகியவற்றுக்கு 600. வழித் தின்பண்டங்களாக அவல், கடலைமிட்டாய், வாழைப்பழம் வாங்க 240. கட்டுத்துணி, காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கைவிளக்குக்கு மின்கலம் 160. அவசரத்துக்கு 600. தக்காளி மட்டும் கணக்கில் இல்லை. அதை அப்பா சந்தையிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதுகுப்பை வாங்கவில்லை, அரசுப் பள்ளியில் கொடுத்த பைகளே போதுமானவையாக இருந்தன. மழைக்குப் பாலித்தீன் தாள். காலணி பற்றி நூலில் இரண்டு பக்கம் எழுதியிருந்தது. எங்களில் ஒருத்தி தேசிய மாணவர் படையில் இருப்பவள். அவள் இரண்டே வரியில் முடித்துவிட்டாள்: "புதுச் செருப்புப் போடாதே, பழகியதைப் போடு. காலுறை இரண்டு சோடி வைத்துக்கொள்." இருவர் துணிக்காலணியிலும், இருவர் வாரச் செருப்பிலும் நடந்தோம். நால்வர் காலும் நலமே.

அய்யலூரிலிருந்து வடமதுரையில் மாறித் திண்டுக்கல்வரை நகரப் பேருந்தில் எனக்குக் கட்டணமே ஆகவில்லை. 2021இல் பெண்களுக்கு வந்த அந்தச் சலுகையை அலுவலகம் போகிறவர்கள் மட்டுமா பயன்படுத்த வேண்டும்?

மலைமேல்

பொங்கலுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை காலை ஏறினோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் திண்டுக்கல் சிறிதாகி, கடைசியில் மலைக்கோட்டை கைக்குள் அடங்கும் கூழாங்கல் போல் ஆயிற்று. இறங்கியதும் முதலில் எதிர்ப்பட்டவை குதிரைகள். சிறுமலையில் தோட்டங்களிலிருந்து வாழையும் மற்ற விளைச்சலும் குதிரை முதுகில்தான் சாலைக்கு வருகின்றன. அதனால் மாட்டுப் பொங்கலன்று இங்கே குதிரைகளுக்கும் குளிப்பாட்டிப் பொட்டிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். நாங்கள் போனபோது அவற்றின் நெற்றியில் குங்குமம் இன்னும் மிச்சமிருந்தது. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழத்தையும் தின்று பார்த்தோம். சிறிய பழம், தடித்த தோல், நல்ல மணம்.

இயற்பியல் மாணவியர் வெறுங்கையோடு போவதா? துறையின் இசைவு பெற்று இரண்டு வெப்பமானிகளை வாங்கியிருந்தோம். ஒன்று எங்களிடம், மற்றொன்று திண்டுக்கல்லில் விடுதித் தோழியிடம். காற்றில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குளிர்ச்சி கூடும் என்று படித்திருக்கிறோம். நண்பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நிழலில் வைத்துப் பார்த்தோம். எங்களுக்கு 22.5, தொலைபேசியில் தோழி சொன்னது 28. வேறுபாடு ஐந்தரை டிகிரி. அப்படியானால் நாங்கள் அவளைவிட ஏறக்குறைய 850 மீட்டர் உயரே நிற்கிறோம்! துல்லியமான அளவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடப்புத்தகத்தின் ஒரு வரி உடம்பில் சில்லென்று பட்டது எனக்கு அன்றுதான் முதல் தடவை.

பழையூர், தென்மலை, அகஸ்தியர்புரம் என்று நடந்தோம். சுவிட்சர்லாந்து முறைப்படி ஒவ்வோர் ஊருக்கும் ஆன நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினோம். அகஸ்தியர்புரத்தை ஒட்டிய வெள்ளிமலையில் ஏறிச் சிவனை வணங்கினோம். காற்று ஆளைத் தள்ளியது. இரவு பெரியம்மா வீட்டில் தார்ப்பாய் மேல் ஜமுக்காளம் விரித்து நால்வரும் ஒரே வரிசையில் படுத்தோம். குளிருக்குப் போர்வை போதாமல் ஒருத்தி போர்வையை ஒருத்தி இழுத்த கதையை இங்கே எழுதினால் தோழியர் சண்டைக்கு வருவார்கள்.

ஞாயிறு காலை தோட்டத்திலிருந்து ஓர் அக்கா சௌசௌ மூட்டையைத் தலையில் வைத்து ஏறி வந்தார். இருபது கிலோ இருக்கும். எங்களைக் கண்டு நின்றார்.

"என்ன வேலையா வந்தீங்க?"

"சும்மா நடக்க வந்தோம், அக்கா."

"சும்மாவா?" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்பன்னா இதைக் கொஞ்சம் பிடிங்க!"

மூட்டையை மாற்றி மாற்றிச் சுமந்து அவர் வீட்டில் சேர்த்தோம். இருபது நிமிடம்தான். கழுத்து இறுகிக் கண் இருட்டிவிட்டது. அம்மாயியின் நாற்பது ஆண்டு எனக்கு அந்த இருபது நிமிடத்தில் ஓரளவு புரிந்தது.

திரும்பும் வழியில் கணக்குப் போட்டோம். இருபது கிலோவை நூறு மீட்டர் உயரம் ஏற்றினால் செய்யப்படும் வேலை 19,600 ஜூல். அதாவது ஐந்து கிலோ கலோரிகூட இல்லை. ஒரு கடலைமிட்டாயில் அதைவிட மிகுதி! சமதளத்தில் சுமந்து நடந்தாலோ, சுமையின் மீது செய்யப்படும் வேலை சுழி என்கிறது நம் பாடம். புவியீர்ப்பை எதிர்த்து இடப்பெயர்ச்சி இல்லையே! சூத்திரம் சரிதான். ஆனால் நாள் முழுவதும் சந்தைச் சமதளத்தில் தக்காளிக் கூடை சுமக்கிற ஒருவர் மாலையில் ஏன் எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிறார் என்பதை அந்தச் சூத்திரம் சொல்லாது. சுருங்கியபடியே நிற்கும் தசை ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கிறது; அதை உடலியல் பாடத்தில் தேட வேண்டும். எந்த அளவுகோல் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தச் சரிவில்தான் வந்தது.

ஒரு வேண்டுகோள்

செலவு போக மீதி 710 ரூபாய். அவசரத் தொகையைத் தொடவே இல்லை. ஆளுக்கு ஆன செலவு 322 ரூபாய் 50 காசு. மீதியைப் பங்கிட்டுக்கொள்ளாமல் ஓர் உண்டியலில் போட்டு வகுப்பில் வைத்திருக்கிறோம். காசில்லை என்பதற்காகத் தயங்கும் முதலாண்டுத் தங்கை எவளேனும் அதிலிருந்து பேருந்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். சிர்மன் தம் மாணவர்களுக்குச் செய்ததைப்போல், நம் கல்லூரியிலும் ஒரு நடைக்கழகம் தொடங்கக் கூடாதா? ஆண்டுக்கு இரு முறை போதும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. தீப்பிடிக்கும் காலத்தில் வேண்டாம். தாவரவியலார் மரங்களைக் காட்டட்டும். வரலாற்றுத் துறையினர் பாதைகளின் கதையைச் சொல்லட்டும். வெப்பமானியை நாங்கள் கொண்டுவருகிறோம். ஆசிரியர் உடன் வருகிறார் என்றால் வீட்டில் உத்தரவு கிடைப்பது எளிதாகும். உத்தரவு கிடைக்காமல் ஆசையை மனத்துக்குள் மடித்து வைத்திருக்கும் தோழியர் எத்தனை பேர் என்பது எங்களுக்குத் தெரியும்.

தோழியரே! நம் தாய்மாரும் பாட்டிமாரும் வயிற்றுப்பாட்டுக்காக ஏறிய மலைகள் இவை. அவர்கள் சுமந்ததால்தான் நாம் படிக்கிறோம். ஆண்டில் இரண்டு நாளாவது கைகளை வீசிக்கொண்டு அந்த மலைகளில் நடப்போம். வழியில் யாரேனும் மூட்டையோடு வந்தால் ஒரு கை கொடுப்போம்.